நிலவறையில் ஆடும் உடல்கள்: அடி, இரவு, கதவு

1

சேலம், தருமபுரிப் பக்கத்தில் அரசியல் பேசுகிறவர்களிடையே ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல்லுக்கு ரொம்ப நாளாக ஒரே அர்த்தந்தான். ‘தோழர் யூ.ஜி. போயிட்டார்’ என்றால் ஊரைவிட்டு, பேரைவிட்டு, வீட்டைவிட்டுத் தலைமறைவாகிவிட்டார் என்று பொருள். 1980இல் தருமபுரி, வடாற்காடு மாவட்டங்களில் நக்சல்பாரி இளைஞர்கள்மீது நடந்த போலீஸ் வேட்டைக்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு இங்கே ரத்தவாடை உண்டு. அதே சொல்லை உலகின் வேறு பகுதிகளில் ஓர் ஆட்டக்கூடத்துக்கும் பயன்படுத்துகிறார்கள் என்றால் நம்மில் பலருக்குச் சிரிப்பு வரும், சிலருக்குக் கோபமே வரும். ஒருவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமறைவாவதும் இன்னொருவன் சனிக்கிழமை ராத்திரி நிலவறையில் இறங்கி விடியவிடிய ஆடுவதும் ஒன்றா?

ஒன்றல்ல. ஆனால் இரண்டிலும் ஒரே கேள்வி இருக்கிறது. எதற்குப் பயந்து, யாருடைய கண்ணிலிருந்து மறைய வேண்டியிருக்கிறது? ‘அண்டர்கிரவுண்ட் கிளப்’ என்று சொல்லப்படும் மின்னணு இசைக்கூடங்களின் வரலாற்றை இந்தக் கேள்வியோடு படித்தால்தான் அது நமக்குப் புரியும். இல்லாவிட்டால் நட்சத்திர ஓட்டல் பாருக்குள் நுழையக் காசிருக்கிற பையன்களின் கூத்தாக மட்டுமே தெரியும். சேலம், நாமக்கல் சமவெளியில் அப்படிப்பட்ட கூடம் எதுவும் கிடையாது. ஏன் கிடையாது என்பதைவிட, அது செய்கிற வேலையை இங்கே எது செய்தது, செய்கிறது, செய்யவிடாமல் தடுக்கப்படுகிறது என்பதுதான் இக்கட்டுரையின் கவலை.

2

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைந்துவிட வேண்டும். நைட் கிளப் என்றாலே குடி என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் ஆட்டக்கூடம் என்பது பாரின் ஒரு மூலையாகவே அனுமதிக்கப்பட்டிருப்பதால் வந்த எண்ணம் இது. இந்த மரபைத் தொடங்கிவைத்த இடங்களோ சாராயம் விற்காத இடங்கள்.

1970இல் நியூயார்க்கில் டேவிட் மான்குசோ தான் குடியிருந்த பழைய கிடங்குத் தளத்தில் அழைப்பின்பேரில் விருந்துகள் நடத்தத் தொடங்கினார். ‘லாஃப்ட்’ என்று பெயர் வந்தது. அங்கே மது விற்பனை இல்லை. நல்ல ஒலிக்கருவிகள் இருந்தன. நிறம், வர்க்கம், பாலியல் தேர்வு பாராமல் ஆட்கள் வந்தார்கள். 1977இல் அதே நகரில், வண்டி நிறுத்தும் கட்டடம் ஒன்றில் ‘பாரடைஸ் கராஜ்’ தொடங்கியது. லாரி லெவன் இசைத்தட்டுகளை இயக்கினார். 1987இல் மூடப்படும்வரை அங்கும் மது கிடையாது. அதே 1977இல் சிகாகோவில் ராபர்ட் வில்லியம்ஸ் ஒரு பழைய தொழிற்கூடக் கட்டடத்தில் ‘வேர்ஹவுஸ்’ என்ற கூடத்தைத் திறந்தார். ஃபிராங்கி நக்கிள்ஸ் அங்கே இசைத்தட்டு இயக்குநர். வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஆண்கள், அவர்களிலும் தற்பாலீர்ப்பு உடையவர்கள். பழரசமும் தண்ணீரும்தான் அங்கே பானம். ‘ஹவுஸ்’ என்ற இசைவகைக்குப் பெயர் இந்த ‘வேர்ஹவுஸி’லிருந்தே வந்ததாகச் சொல்லப்படுகிறது.

மது இல்லை என்பது ஒழுக்கவாதம் அல்ல. மது விற்றால் உரிமம் வேண்டும். உரிமம் என்றால் மூடும் நேரம் வரும், சோதனைக்குப் போலீஸ் வரும். மது இல்லாதபோது விடியும்வரை ஆட முடிந்தது. அதாவது சட்டத்தின் கண்ணுக்குக் கீழே இருப்பதற்கு ஒரு வழி. பகலில் வேலையிடத்தில், தெருவில், குடும்பத்தில் எந்த உடல் அவமானத்தின் சின்னமாக இருந்ததோ அந்த உடலுக்கு ராத்திரி ஆறேழு மணிநேரம் வேறு பொருள் கிடைத்தது. அங்கே யாரும் ஜோடியாக ஆட வேண்டியதில்லை. மேடையில் ஒருவன் பாட, கீழே நூறுபேர் பார்க்கும் ஏற்பாடும் இல்லை. பார்ப்பவன், ஆடுபவன் என்ற பிளவே கரைந்துபோகிறது. கார்னிவல் குறித்து ரஷ்யச் சிந்தனையாளர் மிகயீல் பக்தின் எழுதியதைப் படித்தவர்களுக்கு இது பழக்கமான செய்தி: கார்னிவலை யாரும் பார்ப்பதில்லை, அதற்குள் வாழ்கிறார்கள்.

இதன்மீதான வெறுப்பும் சீக்கிரமே வெளிப்பட்டது. 1979 ஜூலை 12இல் சிகாகோவின் கொமிஸ்கி பார்க் விளையாட்டு மைதானத்தில், ஒரு வானொலி அறிவிப்பாளரின் முன்முயற்சியில், பெட்டி நிறைய டிஸ்கோ இசைத்தட்டுகள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. ஏறத்தாழ ஐம்பதாயிரம் பேர் கூடியிருந்தார்கள். ‘ரசனை’ என்ற பெயரால் நடந்தது அது. ஆனால் யாருடைய இசை எரிக்கப்பட்டது, எரித்த கூட்டத்தின் நிறம் என்ன என்று பார்த்தால் ரசனை என்ற சொல்லின் அரசியல் விளங்கும். பெரிய கம்பெனிகள் டிஸ்கோவைக் கைவிட்டன. கைவிடப்பட்டது நிலவறைக்குப் போயிற்று. ஹவுஸ் இசை அங்கேதான் முளைத்தது.

3

சரி, அந்த இசைதான் என்ன? சினிமாப் பாட்டில் வளர்ந்த காதுக்கு முதலில் அது ஒன்றுமே இல்லாதது மாதிரித்தான் கேட்கும். பல்லவி இல்லை, சரணம் இல்லை, பெரும்பாலும் பாட்டே இல்லை. ‘டும் டும் டும் டும்’ என்று ஒரே அடி. ‘என்னப்பா இது, ஒரே மாதிரி அடிச்சிக்கிட்டே இருக்கான்’ என்று எழுந்துபோய்விடுவோம்.

ஒரே மாதிரி அடிப்பதுதான் அதன் அடித்தளம். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும் ஒரு கனத்த அடி விழும். இரண்டாவதிலும் நான்காவதிலும் கைதட்டல் போன்ற ஓசை. அடிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் ஜால்ரா மாதிரி மெல்லிய உலோக ஒலி. நிமிடத்துக்கு 120 முதல் 130 அடி. டெக்னோவில் இன்னும் கூடும். இந்த அடித்தளத்தின்மேல் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு சுற்றுக்கு ஒருமுறை ஏதாவது ஒன்று மாறும். ஓர் ஓசை வந்து சேரும், ஒன்று கழன்றுகொள்ளும். கனத்த அடியைச் சற்று நேரம் எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவரும்போது கூட்டமே ‘ஓ’வென்று எழும். ஆடுகிறவன் காத்திருப்பது இந்த மாற்றங்களுக்காக. விடியவிடியப் பம்பையோ உருமியோ கேட்டுச் சாமி வந்து ஆடுகிறவரைப் பார்த்தவர்களுக்கு இந்த இயக்கத்தை விளக்க வேண்டியதில்லை. அடி மாறாமல் இருக்கும்வரை உடல் அதில் ஊறுகிறது. அடி மாறும் கணத்தில் எகிறுகிறது.

இசைத்தட்டு இயக்குநரின் வேலை ஒரு தட்டை முடித்து இன்னொன்றைப் போடுவதல்ல. இரண்டு சுழல்மேசைகள், நடுவில் ஒரு கலவைப் பெட்டி. ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்துக்கு அடுத்த தட்டின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ சரிசெய்து, இரண்டின் அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி சேர்த்து, முதலாவதின் கீழ்ச்சுரத்தைக் குறைத்து இரண்டாவதின் கீழ்ச்சுரத்தை ஏற்றி, கேட்பவனுக்கு எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்கியது என்று தெரியாமல் செய்ய வேண்டும். நான்கு மணிநேரம், எட்டு மணிநேரம் நடக்கும் இந்த ஓட்டம் ஒரே பிரதி. அதற்கு ஆசிரியன் யார் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். தட்டை உருவாக்கியவனா, சேர்த்தவனா, ஆடிக்காட்டி அடுத்து என்ன வேண்டும் என்று சொல்லாமல் சொன்ன கூட்டமா?

ஒலிபெருக்கியும் இங்கே வெறும் சாமான் அல்ல. வினாடிக்கு நூறு அதிர்வுக்கும் கீழே உள்ள ஓசையைக் காது கேட்பதைவிட நெஞ்சும் வயிறும் அதிகமாக உணரும். அதை ஒழுங்காகத் தரும் பெட்டிகளுக்காகவே ஆட்கள் தூரதேசத்திலிருந்து வந்தார்கள். நம்மூர் ரேடியோ செட்காரர் இதை நன்றாகவே அறிவார். குழாய் ஸ்பீக்கர் தூரத்துக்குக் கேட்கும், ஆனால் ஆட வைக்காது. ஆட வைக்க வேண்டுமென்றால் ‘பாக்ஸ்’ இறக்க வேண்டும்.

கருவிகளின் கதையும் சொல்லப்பட வேண்டும். ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி 1980இல் டிஆர்-808 என்ற தாள எந்திரத்தையும், அடுத்து டிபி-303 என்ற கீழ்ச்சுர எந்திரத்தையும் கொண்டுவந்தது. கூட வாசிக்க ஆளில்லாத இசைக்கலைஞர்களுக்குத் துணை என்பது நோக்கம். நிஜ டிரம் மாதிரி இல்லை, நிஜ கிட்டார் மாதிரி இல்லை என்று சந்தை அவற்றை ஒதுக்கியது. சில வருஷத்தில் உற்பத்தி நின்றது. பழைய சாமான் கடையில் மலிவு விலைக்குக் கிடைத்த அந்த எந்திரங்களைத்தான் சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். 1987இல் ‘ஃப்யூச்சர்’ என்ற குழு டிபி-303இன் திருகுகளை அதன் தயாரிப்பாளர்கள் நினைத்துப்பார்க்காத விதத்தில் திருகி உண்டாக்கிய முறுக்கொலி ‘ஆசிட்’ என்ற வகையாயிற்று. கழிவு என்று தள்ளப்பட்டதை, கழிக்கப்பட்ட மனிதர்கள் எடுத்து மொழியாக்கினார்கள்.

4

பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒரு தம்பிக்கு இந்த வகை இசையைச் செல்போனில் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டுச் சொன்னார்: ‘ஏங்ணா, இது நம்ம தறி ஓடற சத்தமில்லீங்களா? இதுக்கு ஆடுவாங்களா?’ கொஞ்சம் பொறுத்து, ‘தறிச் சத்தத்துல எங்களுக்குத் தூக்கந்தான் வரும். சத்தம் நின்னாத்தான் முழிப்பு வரும்’ என்றார்.

அவர் சொன்னது உவமை அல்ல, கிட்டத்தட்டக் கணக்கு. சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்றைம்பது ஊடை வரை போடும். ஹவுஸ் இசையின் வேகமும் அதை ஒட்டியதே. தறிக்கொட்டகையின் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டும். கிளப்பின் ஒலியும் அதைத் தாண்டும். பள்ளிபாளையம், குமாரபாளையம் கொட்டகைகளில் பன்னிரண்டு மணிநேரச் ஷிப்டில், முன்பணக் கடனில் கட்டுண்டு நிற்கும் ஓர் உடல் இரவு முழுக்க இந்த அடிக்குள் இருக்கிறது. ஆனால் அங்கே உடல் எந்திரத்தின் அடிக்கு ஓடுகிறது. நாடா சிக்கினால், நூல் அறுந்தால் பாய்ந்து பிடிக்க வேண்டும். ஃபூக்கோ சொன்ன ‘பணிந்த உடல்’ என்பதைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் டெட்ராய்ட் நமக்கு முக்கியமாகிறது. மோட்டார் தொழிற்சாலைகளின் நகரம் அது. 1950இல் பதினெட்டரை லட்சமாக இருந்த மக்கள்தொகை 1990இல் பத்து லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. ஆலைகள் ஆளைக் குறைத்தன, எந்திரக்கை வந்தது, வெள்ளையர் புறநகருக்குப் போனார்கள். அந்தச் சூழலில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்ற மூன்று கறுப்பின இளைஞர்கள் எண்பதுகளில் உருவாக்கியதே டெக்னோ. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் எந்திர இசையையும் அமெரிக்கக் கறுப்பரின் ஃபங்க் இசையையும் அவர்கள் சேர்த்தார்கள். தங்கள் அப்பன்மாரைத் தின்ற எந்திரத்தின் அடியை எடுத்து அதைத் தங்களுக்கு வேலை செய்ய வைத்தார்கள். அதே நகரில் 1990 வாக்கில் உருவான ‘அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்’ என்ற குழு, முகத்தை மறைத்துக்கொண்டு, பெரிய கம்பெனிகளுக்குப் போகாமல், தாங்களே தட்டு அச்சடித்து விற்றது. ‘அண்டர்கிரவுண்ட்’ என்ற சொல் இங்கே நம்மூர் அர்த்தத்துக்கு வெகு அருகே வந்துவிடுகிறது.

தறியும் அதே அடி, டெக்னோவும் அதே அடி என்றால் வித்தியாசம் எங்கே? அடி யாருடையது என்பதில் இருக்கிறது. அடியைக் கூட்டவும் குறைக்கவும் நிறுத்தவும் யாருக்கு அதிகாரம் உண்டு என்பதில் இருக்கிறது.

5

இந்த வரலாற்றில் இந்தியாவும் உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் ஒலியாக்கி ஒன்றை நிறுவினார். இந்திய இளைஞர்கள் சிலர் எழுபதுகளின் தொடக்கம்வரை அதில் சோதனைகள் செய்தார்கள். நாடாக்கள் அலமாரியில் கிடந்து, பல பத்தாண்டு கழித்தே வெளியுலகுக்குத் தெரியவந்தன. பம்பாய்ச் சினிமா இசைக்குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங், 1982இல் மேலே சொன்ன அதே 808, 303 எந்திரங்களைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவுசெய்தார். சிகாகோவின் ஆசிட் இசைக்கு ஐந்து வருஷம் முன்பு! தட்டு விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு வந்த பிறகு உலகம் வியந்தது. 2015இல் அவர் இறந்தார். தமிழிலும் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்திலேயே இளையராஜா கணினியைத் தாளத்துக்குப் பயன்படுத்திவிட்டார்.

ஆக, கருவி வந்தது, திறமை இருந்தது. வராமல் போனது கூடம். எந்திர இசை நமக்குச் சினிமா வழியாக, பார்க்கும் பொருளாக வந்து சேர்ந்தது. திரையில் கதாநாயகன் ஆடுகிறான், நாம் உட்கார்ந்திருக்கிறோம்.

புலம்பெயர்ந்த தெற்காசியர்கள் கதை வேறு. எண்பதுகளில் இங்கிலாந்தில் ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் பட்டப்பகலில் ஆட்டக்கூட்டங்கள் நடந்தன. ‘டேடைமர்’ என்று பெயர். பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து நழுவி வந்து, பையில் கொண்டுவந்த வேறு உடுப்பை மாட்டி ஆடிவிட்டு, சாயங்காலம் ஒன்றும் தெரியாதவர்களாய் வீட்டுக்குப் போவார்கள். இரவு மறுக்கப்பட்டவர்கள் பகலிலேயே ஓர் இரவைக் கட்டிக்கொண்டார்கள். 1995 வாக்கில் தால்வின் சிங் லண்டனின் புளூ நோட் கிளப்பில் ‘அனோக்கா’ என்ற வாராந்திர இரவைத் தொடங்கினார். தபலாவும் டிரம் எந்திரமும் சேர்ந்த அந்த இசை ‘ஏஷியன் அண்டர்கிரவுண்ட்’ எனப்பட்டது. 1999இல் அவருக்கு மெர்க்குரி பரிசு கிடைத்தது. பரிசு வந்ததும் அது நிலவறையாக இருப்பது நின்றது என்று சொன்னவர்களும் உண்டு.

6

இரவு என்பது இயற்கை அல்ல, சட்டம். மேற்கு பெர்லினில் 1949இலேயே மூடும் நேரம் ரத்தாகிவிட்டது. சுவர் விழுந்தபின் கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் கூடங்கள் முளைத்தன. 1991இல் தொடங்கிய ‘ட்ரெசார்’, போருக்கு முன்பிருந்த வெர்தைம் அங்காடியின் நிலத்தடிப் பெட்டகக் காப்பறையில் நடந்தது. டெட்ராய்ட் ஆட்கள் அங்கே வந்து வாசித்தார்கள். மாறாக இங்கிலாந்தில், 1992இல் காஸில்மார்ட்டன் பொதுநிலத்தில் பல்லாயிரம் பேர் ஒரு வாரம் கூடி ஆடியதைத் தொடர்ந்து, 1994ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டம் வந்தது. திறந்தவெளியில் இரவில் கூடுவோரைக் கலைக்கப் போலீசுக்கு அதிகாரம் தந்த அந்தச் சட்டம், திரும்பத்திரும்ப வரும் அடிகளைக் கொண்ட ஓசையையும் இசை என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது. தாளம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெற்ற அபூர்வத் தருணம் அது!

நம் சட்டத்துக்கு வருவோம். ஒலி மாசு விதிகள், 2000. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மேற்படாமல் நள்ளிரவு பன்னிரண்டுவரை மாநில அரசு தளர்வு தரலாம். 2005இல் உச்சநீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. நோயாளி, குழந்தை, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை, இவர்களின் தூக்கம் பொருட்படுத்த வேண்டியதே, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே விதி மூடிய அரங்குகளுக்கு, விருந்துக்கூடங்களுக்கு விலக்குத் தருவதைக் கவனிக்க வேண்டும். சுவரும் குளிர்சாதனமும் வைத்துக்கொள்ள முடிந்தவனுக்கு இரவு உண்டு. களத்துமேட்டைத் தவிர வேறு கூடம் இல்லாதவனுக்கு இரவு பத்து மணிக்கு முடிந்துவிடுகிறது.

திருச்செங்கோட்டுப் பக்கம் ஓர் ஊர் நோம்பியில் இதை நேரில் பார்த்தேன். பத்தேகாலுக்கு ஜீப் வந்தது. ரேடியோ செட்காரர் ஒன்றும் பேசாமல் வயரைப் பிடுங்கினார். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். அப்புறம் மூலையில் குந்தியிருந்த ஒரு பெரியவர் தப்பட்டையை எடுத்து, ஓலையைக் கொளுத்தி அனலில் காய்ச்சத் தொடங்கினார். ‘கரண்டு இல்லாததுக்குக் கேஸ் கிடையாதல்லங்க’ என்றார். கொஞ்ச நேரம் ஆட்டம் நடந்தது. பிறகு அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

ஊர்த்திருவிழாவின் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு உயர்நீதிமன்றம்வரை போவது தமிழ்நாட்டில் வருஷாவருஷம் நடக்கிறது. ஆபாசம் கூடாது, இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது, சாதியைத் தூண்டக் கூடாது என்று நிபந்தனைப் பட்டியல். சில நிபந்தனைகள் நியாயமானவை. இருந்தாலும், ஆடுவதற்கு முன்ஜாமீன் வாங்குவது போன்ற இந்த நிலை எந்த உடல்களுக்கு விதிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது.

7

இதைச் சொல்லிவிட்டு ‘நம் கிராமத்து இரவே உண்மையான நிலவறைக் கூடம்’ என்று பாராட்டுப் பத்திரம் வாசிக்க எனக்கு மனசில்லை. இந்தச் சமவெளியின் கூத்து மரபு விடியவிடிய நடக்கும் பெரிய கலை. ஏர்வாடி ‘மணல்வீடு’ மு. ஹரிகிருஷ்ணன் போன்றவர்கள் அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். ஆனால் தப்பட்டையை யார் அடிக்கிறார்கள்? கொங்குப் பகுதியில் பெரும்பாலும் அருந்ததியர். சாவுக்கும் நோம்பிக்கும் அடிக்க வேண்டியது அவர்கள் ‘கடமை’ என்று வைத்த சாதி, அடிக்கு ஆடும் உரிமையை ஊருக்கும் கோயில் வாசலுக்கு வெளியே நிற்கும் இடத்தை அடிப்பவருக்கும் பிரித்துக் கொடுத்தது. தறிக்கொட்டகையில் நடப்பதன் பழைய வடிவம் இது. அடிப்பவருக்கே அடி சொந்தமில்லை.

எனவே ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைக் கீழே வைத்த போராட்டங்கள் ஒரு பக்கம். தொண்ணூறுகளின் தலித் கலைவிழாக்களில் அதையே விடுதலையின் கருவியாகக் கையிலெடுத்தது இன்னொரு பக்கம். இரண்டும் முரண் போலத் தெரியும். முதலாவது, அடி உங்களுக்கு இல்லை என்றது. இரண்டாவது, அடி எங்களுடையது என்றது. 808 எந்திரத்தை எடுத்தவர்கள் செய்ததும் இந்த இரண்டாவதற்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் இன்று பறை கல்லூரி விழாவிலும் கட்சி ஊர்வலத்திலும் ‘தமிழர் இசை’ என்ற பொதுப்பெயரில் முழங்கும்போது, அதை அடித்த சாதியின் பெயர் மெதுவாகக் கழன்றுபோகிறது. டிஸ்கோவுக்கும் ஹவுசுக்கும் நடந்தது இதுதான். கறுப்பரின், தற்பாலீர்ப்பாளரின் இசை என்பது அழிந்து, உலகச் சந்தையில் பெயரற்ற கொண்டாட்டச் சரக்காயிற்று.

பெண்கள்? நான் பார்த்த நோம்பியில் அவர்கள் களத்தின் ஓரத்தில் பாய் போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாமி வந்தால் மட்டும் ஆடலாம். தன் உடலைத் தன் விருப்பத்துக்கு ஆட்டக் கூடாது. தெய்வம் ஆட்டினால் பரவாயில்லை. டேடைமருக்குப் பையில் உடுப்பு கொண்டுபோன பெண்ணும், சாமி வந்ததாகச் சொல்லி அரைமணி நேரம் தலைவிரித்து ஆடுகிற பெண்ணும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வார்கள் என்றே நினைக்கிறேன்.

8

கடைசியாக, கதவு. நிலவறைக் கூடங்கள் கதவு வைத்தது பாதுகாப்புக்காக. உள்ளே இருப்பவரை வெளியே காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. பெர்லினில் 2004இல் ஒரு பழைய மின்-வெப்ப நிலையத்தில் தொடங்கிய ‘பெர்கைன்’ கூடத்தில் நுழையும்போதே செல்போன் கேமராவின்மேல் வில்லை ஒட்டிவிடுகிறார்கள். மறைவு அங்கே ஒரு உரிமை. ஆனால் அதே கதவு இன்று வேறு வேலையும் செய்கிறது. யார் ‘உண்மையான’ ரசிகர், யார் வேடிக்கை பார்க்க வந்தவர் என்று வாசலில் நிற்பவர் முகம் பார்த்துத் தீர்மானிக்கிறார். ‘சீரியஸ்’ என்ற அந்தச் சொல் எனக்குப் பயத்தைத் தருகிறது. நம் சிறுபத்திரிகை உலகுக்கும் அந்தக் கதவு புதிதல்ல. முந்நூறு பிரதி அச்சடித்துவிட்டு, படிக்க வருகிறவனின் முகத்தைப் பார்த்தவர்கள்தானே நாமும்! ஒடுக்கப்பட்டவர் தம்மைக் காத்துக்கொள்ள வைக்கும் கதவையும், ரசனை தன்னை உயர்த்திக்கொள்ள வைக்கும் கதவையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். பிந்தையதற்கு இங்கே சாதி என்று பேர்.

அங்கீகாரமும் சிக்கல்தான். 2016இல் ஒரு ஜெர்மன் நீதிமன்றம் பெர்கைனின் இரவுகளைக் கச்சேரிக்குச் சமமாகக் கருதிக் குறைந்த வரி போதும் என்றது. 2024இல் பெர்லின் டெக்னோ அந்நாட்டின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதே காலத்தில் வாடகை ஏறி நகரின் பல கூடங்கள் மூடப்பட்டன. பட்டியலில் பெயர் ஏறியது, இடம் போயிற்று. நம்மூர்க் கூத்துக்கலைஞருக்கு விருதும் பொன்னாடையும் கிடைத்து, விடியவிடிய ஆட ஒரு களம் கிடைக்காமல் போவதும் இதே கதை.

ஆகவே சேலத்தில் ஒரு டெக்னோ கிளப் வேண்டும் என்பதல்ல நான் கேட்பது. வந்தால் வரட்டும், பாருக்குள் அடையாமல் வரட்டும். கேட்க வேண்டியவை வேறு. ஒலிபெருக்கி விதியில் சுவர் உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் உள்ள வேறுபாட்டைப் பேச வேண்டும். பஞ்சாயத்துக்கு ஒரு பொதுக்கூடம், ஒலி வெளியே போகாத கூடம், எல்லாச் சாதியும் நுழையும் கூடம் வேண்டும் என்று கேட்கலாம். அடிப்பவருக்குக் கூலி பேச வேண்டும், அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமையோடு சேர்த்து. பெண்கள் ஆடுவதற்குச் சாமியின் சிபாரிசு தேவைப்படாத ஓர் இரவையும் நாம் கேட்டாக வேண்டும்.

பள்ளிபாளையத்துத் தம்பியிடம் கிளம்பும்போது கேட்டேன், ‘இந்த அடிக்கு நீ ஆடுவியா?’ சிரித்தார். ‘ஷிப்டு இல்லாத ராத்திரி ஒண்ணு குடுங்ணா, ஆடிப் பாக்கறேன்.’